கம்ப்யூட்டரில் ஏறாத பரிவட்டம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, அதற்கு மேலும் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் பொத்தான் வைத்த எல்லாப் பொருளுக்கும் குடும்பத்தில் நானே பொறுப்பாளி. மிக்ஸி சுற்றவில்லை என்றால் நான். பெரியம்மாவின் போனில் எழுத்தெல்லாம் திடீரென்று பூசணிக்காய் அளவுக்குப் பெருத்துவிட்டால் நான். தெருவில் போர்வெல் மோட்டார் மக்கர் செய்தபோதுகூட எலெக்ட்ரீசியனுக்கு முன்னால் எனக்குத்தான் ஆள் வந்தது. "கம்ப்யூட்டரே படிச்சவனுக்கு மோட்டாரு எம்மாத்திரம்?" என்றார்கள். நியாயமான கேள்விதான். மூன்று வருடம் என்ன படித்தேன் என்பது எனக்கே தெளிவில்லாதபோது அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இப்போது அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போகிறேன். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் ஏற்றிக் கொடுப்பேன். சர்வர் படுத்துவிட்டால் 'சர்வர் படுத்துவிட்டது' என்று சொல்வதும் என் வேலையே. பாதிப் பொழுது அதற்கே சரியாகிவிடும். வீட்டில் இதை 'தாலுகா ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இன்ஜினியரு' என்று சொல்லிக்கொள்கிறார்கள். நானும் திருத்தியதில்லை. திருத்தினால் அப்பாவின் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பெரியப்பா வீடு எங்கள் வீட்டை ஒட்டியது. வீட்டுக்குப் பின்கட்டில் நான்கு விசைத்தறி. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ், சண்டை என்றால் இரண்டும். அந்த வீட்டிலிருந்துதான் போன வருடக் கடைசியில் எனக்கு ஒரு வேலை வந்தது. டிவிப் பெட்டியில் பதிவாகிக் கிடக்கும் ஒரு நிகழ்ச்சியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரவேண்டும். கேட்பதற்கு ஒரு டம்ளரில் இருக்கிற தண்ணீரை இன்னொரு டம்ளருக்கு ஊற்றுவது மாதிரிதான் இருந்தது.

அந்த நிகழ்ச்சி எங்கள் தெரு அம்மன் கோயில் பண்டிகை. அதில் முதல் மரியாதை என்று ஒன்று உண்டு. அம்மனுக்குச் சாத்திய சிறு பட்டுத் துணியைப் பூசாரி எடுத்து வந்து ஒருவர் தலையைச் சுற்றிக் கட்டுவார். அதுதான் பரிவட்டம். கொஞ்ச நேரம் தலையில் இருக்கும், வருடம் முழுக்க வாயில் இருக்கும். பல காலமாக அதை வாங்கிவந்த பெரியவர் வாரிசில்லாமல் இறந்துபோனார். அவர் இல்லாமல் நடந்த முதல் பண்டிகையில் தெருவின் மேல்பக்க வீடுகளான மேலவரிசைக்குப் பெரியப்பாவும், கீழவரிசைக்கு எனக்குச் சித்தப்பா முறை ஆகும் ஒரு பங்காளியும் அம்மன் முன்னால் தோளோடு தோள் நின்றார்கள். பூசாரி இரண்டு பேருக்கும் பரிவட்டம் கட்டினார். யாருக்கு முதலில் கட்டினார் என்பதுதான் வழக்கு.

இது என்ன பெரிய வழக்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் ஒரு தடவை விழுந்தால் விழுந்ததுதான். அன்றைக்கு யார் தலைக்கு முதலில் துணி ஏறியதோ அந்த வீட்டுக்குத்தான் இனிமேல் பரம்பரையாக முதல் மரியாதை. பேரன், பேரனுக்குப் பேரன் வரை. ஆளுக்கொரு வருடம் வைத்துக்கொள்ளலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். "படிச்சவன் பேசுற பேச்சப் பாரு" என்று இரண்டு வரிசையும் ஒற்றுமையாகச் சிரித்தன. அந்தத் தகராறில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

பூசாரியைக் கேட்டார்கள். "கட்டுனது எங் கையி, கட்ட வச்சது ஆத்தா. அவளத்தேன் கேக்கணும்" என்றார். இரண்டு வரிசையிலிருந்தும் அவர் வீட்டுக்குப் பொங்கல் அரிசி போகிறது. வேறு எப்படிச் சொல்வார்?

கொட்டுச் சத்தம், கற்பூரப் புகை, சாமியாட்டம் என்று அந்த நேரத்தில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்தது உள்ளூர் கேபிள் சேனலின் கேமரா ஒன்றுதான். ஆனால் அந்தச் சேனலையும் கேபிளையும் நடத்துகிறவர் கீழவரிசைச் சித்தப்பாவின் மச்சான். அவரிடம் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "பழசெல்லாம் அழிஞ்சுபோச்சுய்யா, எடம் பத்தல" என்று பதில் வந்தது. பெரியப்பா அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சிரித்தார். ஏனென்றால் அவரிடம் ஒரு பிரதி இருந்தது.

அவர் வீட்டுக் கேபிள் பெட்டியில், பெரியம்மா சாயங்காலச் சீரியல்களைப் பிடித்து வைப்பதற்காக ஒரு பென்டிரைவ் நிரந்தரமாகச் செருகியிருக்கும். பண்டிகை அன்று முளைப்பாரி தூக்கப் போகுமுன் பெரியம்மா லோக்கல் சேனலை வைத்து, ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போயிருந்தார். அன்றைய பண்டிகை முழுவதும் அதில் ஏறிக் கிடந்தது. அதை யாரும் இதுவரை போட்டுப் பார்த்ததில்லை. எங்கள் வீடுகளில் பதிவு செய்துவிட்டால் பார்த்த மாதிரிதான்.

பெரியப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த பண்டிகைக்கு நாள் குறித்துச் சாட்டுமுன் நடக்கும் வரிசைக் கூட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோயில் மண்டபத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகைக்குப் புரொஜக்டர் எடுத்து, எல்லாருக்கும் போட்டுக் காட்டப்போவதாக. "எங்க வீட்டுலயே இன்ஜினியரு இருக்கான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"பெரியப்பா, எதுக்கும் மொதல்ல ஒரு தடவ நம்ம டிவியிலேயே போட்டுப் பாத்துருவோமா?" என்று கேட்டேன்.

"ஏலே, என் தலையில கட்டுனத நான் பாத்துத்தேன் தெரிஞ்சுக்கணுமா? பாக்க வேண்டியவன் கீழவரிசைக்காரன்."

பெட்டியையும் டிவியையும் அப்படியே மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாமென்றால் அதுவும் முடியாது. கேபிள் வயர் இல்லாத இடத்தில் அந்தப் பெட்டி பழைய பதிவைக்கூடக் காட்டாது. போதாக்குறைக்குக் கேபிள்காரர், பழைய பெட்டியை எல்லாரும் கொடுத்துவிட்டுப் புதுப் பெட்டி வாங்கிக்கொள்ள வேண்டுமென்று தெருத்தெருவாக ஆட்டோவில் அறிவித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவுக்குத் திங்கட்கிழமை முறை. ஊர் முழுக்கப் பெட்டி மாறுவதே தன் பரிவட்டத்தைக் கெடுப்பதற்கு நடக்கும் சதி என்று பெரியப்பா முழுமனதாக நம்பினார்.

நான் பென்டிரைவைக் கழற்றி என் லேப்டாப்பில் செருகினேன். உள்ளே பெயர் தெரியாத கோப்புகள் கிடந்தன. பெயருக்குப் பதிலாக எண்ணும் எழுத்தும் கலந்த ஏதோ ஒன்று. திறந்தேன், திறக்கவில்லை. வேறு பிளேயரில் போட்டேன். அதுவும் கையை விரித்தது. கோப்புப் பெயரின் வாலை மாற்றி, அது ஒரு சாதாரண வீடியோ என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கப் பார்த்தேன். கம்ப்யூட்டர் நம்பவில்லை. யூடியூபில் தேடியபோது ஒருவர் 'வணக்கம் நண்பர்களே' என்று ஆரம்பித்து, தன் சேனலை ஆதரிக்கச் சொல்லி, மணியை அழுத்தச் சொல்லி, கடைசியில் இது முடியாது என்று முடித்தார். மணியை அழுத்தினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, "வைரஸு புடிச்சிருக்கும்யா, கொஞ்சம் வெயில்ல காய வையி" என்றார். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த யோசனைகளில் அது மோசமானது என்று சொல்லமாட்டேன்.

பெட்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மிக இனிமையான ஒரு பெண்குரல்.

"ரெக்கார்டு செய்த நிகழ்ச்சிகளை அதே பெட்டியில் மட்டுமே பார்க்க முடியும் சார். கம்ப்யூட்டரில் ஓடாது சார்."

"ஏங்க?"

"பாதுகாப்புக் காரணங்களுக்காக லாக் செய்யப்பட்டிருக்கு சார்."

பெரியப்பா போனைப் பிடுங்கினார். "யாருகிட்ட இருந்து பாதுகாப்பு தாயி?"

"உங்கள் பாதுகாப்புக்குத்தான் சார்."

"சாமி எங்க சாமி. பென்டிரைவு நான் வாங்குனது. கரண்டு பில்லு எம் பேர்ல வருது. அதுக்குள்ள இருக்குற தலையும் என் தல. இதுல நடுவுல பூட்டுப் போட நீங்க யாரும்மா?"

"புரிகிறது சார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?"

"இந்த உதவிய மொதல்ல செய்யி."

"எங்களை அழைத்ததற்கு நன்றி சார்."

போனை வைத்துவிட்டுப் பெரியப்பா என்னைப் பார்த்தார். கம்பெனி பூட்டியதைத் திறக்க முடியாத படிப்பு என்ன படிப்பு என்று அந்தப் பார்வை கேட்டது.

கோப்பைத் திறக்க முடியாது, சரி. ஆனால் பெட்டியிலிருந்து டிவிக்குப் படம் போகத்தானே செய்கிறது? போகிற வழியில் பிடித்தால்? இந்த யோசனை திருச்சுழி பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது வந்தது. என் படிப்பு எனக்கு ஒருமுறையாவது உதவிய இடம் அதுதான் என்பதால் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். சனிக்கிழமை மதுரைக்குப் போய், கடை கடையாக ஏறி, விரல் நீளத்தில் ஒரு கருவி வாங்கினேன். அதன் ஒரு முனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று ஓட்டைகள். பெட்டியின் பின்னால் இருந்து வரும் மூன்று வயரையும் அதில் செருகி, மறுமுனையைக் கம்ப்யூட்டரில் செருகினால், பெட்டியில் ஓடுவதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகும். கடைக்காரர் தூசியைத் தட்டியபடி, "கல்யாணக் கேசட்ட மாத்துறவங்கதான் தம்பி இத வாங்குவாங்க. உங்களுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?" என்று கேட்டார்.

இதில் ஒரே சங்கடம், பூட்டை உடைக்காமல் சுவர் ஏறிக் குதிக்கிற வழி என்பதால் அவசரப்படுத்த முடியாது. மூன்று மணிநேரப் பண்டிகை என்றால் மூன்று மணிநேரம் ஓடித்தான் ஆகவேண்டும்.

ஞாயிறு காலை பென்டிரைவைத் திரும்பப் பெட்டியில் செருகி, டிவிக்கு வேறு வயர் கொடுத்து, எல்லாவற்றையும் மாட்டி உட்கார்ந்தேன். பெரியம்மா டிவிக்குப் பொட்டு வைத்து, முன்னால் கற்பூரத் தட்டு வைத்தார். பெரியப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மேல்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். தன் சொந்தப் பெருமையைப் பார்க்க வருகிறவருக்கு அவ்வளவு பயபக்தி தேவைதான்.

"ஆரம்பிக்கட்டுமா?" என்றேன்.

"இரு" என்று பின்கட்டுக்குப் போனார். ஒவ்வொன்றாகத் தறிகள் நின்றன. மகளுக்குப் பிள்ளைவலி கண்ட அன்றுகூட நிற்காத தறிகள் அவை. வீடு திடீரென்று காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"எதுக்குப் பெரியப்பா?"

"சத்தம் ஏறிராதா?"

"ஏறாது. இது வயர் வழியாத்தான் போகுது. வெளிச் சத்தம் உள்ள போகாது."

"வயரும் இதே வீட்டுலதான்யா கெடக்கு" என்றார் பெரியப்பா, ரகசியக் குரலில். அதற்குமேல் விளக்குவதற்கு என்னிடம் பாடத்திட்டம் இல்லை. அன்று காலை முழுக்க அந்த வீட்டில் எல்லாரும் குசுகுசுவென்றே பேசினார்கள். பெரியம்மாவுக்குத் தும்மல் வந்தபோது தெருவாசலுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார்.

படம் ஓடியது. லோக்கல் சேனல் என்பதால் அம்மனைவிட விளம்பரம் அதிகமாகத் தெரிந்தது. அடியில் நகைக்கடை ஓடியது. ஓரத்தில் ஒரு பெட்டிக்குள், குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, பக்கத்திலேயே மனை வாங்கி மகாராஜா ஆகுங்கள் என்று ஒருவர் கையைக் காட்டினார். அவர் காட்டிய கை சரியாக அம்மன் முகத்தின் மேல் விழுந்தது. பெரியப்பா ஒவ்வொரு முறை அம்மன் வந்தபோதும் எழுந்து நின்று கும்பிட்டார். மனைக்காரருக்கும் சேர்த்து.

முளைப்பாரி வந்தது. "அந்தா நானு!" என்று குசுகுசுத்தார் பெரியம்மா. "எம்புட்டு நேரா நடக்குறேன் பாரு. அந்தா பின்னால வர்றாளே, அவ சாஞ்சு சாஞ்சு வாரா."

"சும்மா இரு, முக்கியமான எடம் வருது" என்றார் பெரியப்பா.

வந்தது. அம்மன் முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பக்கத்தில் கீழவரிசைச் சித்தப்பா கண்ணை மூடி, தலையைக் குனிந்து, கைகளைக் கூப்பியிருந்தார். பூசாரி தட்டோடு வந்தார். தட்டிலிருந்து துணியை எடுத்தார். எடுத்தவர் நேராகப் பெரியப்பாவைப் பார்த்துத்தான் வந்தார். அதுவும் படத்தில் சுத்தமாகத் தெரிகிறது.

சரியாக அந்த நேரத்தில், படத்தில் இருக்கிற பெரியப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். எங்களை என்றால் கேமராவை. கையைத் தூக்கி, 'இங்கிட்டு வா, இங்கிட்டு வா, இப்படி நின்னு எடு' என்று சைகை காட்டினார். கேமராக்காரர் நகரவில்லை போலிருக்கிறது. பெரியப்பா விடவில்லை, விரலால் தன் தலையைக் காட்டி, பிறகு விளக்கைக் காட்டி, வெளிச்சம் பற்றி ஏதோ சொன்னார். பூசாரி துணியை விரித்துப் பிடித்தபடி நின்று பார்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் தலையில் எப்படிக் கட்டுவது? பக்கத்தில் ஒரு தலை குனிந்து தயாராக இருந்தது. அதில் கட்டிவிட்டார். கட்டி முடித்து விபூதியும் வைத்த பிறகுதான் பெரியப்பா திரும்பினார். அடுத்த துணி அவர் தலைக்கு வந்தது. கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் மரியாதை ஒழுங்காகப் பதிவாகவேண்டும் என்று பாடுபட்டதில் முதல் மரியாதை போய்விட்டது. பதிவு மட்டும் ஒழுங்காக இருந்தது.

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். குசுகுசுப்பை மறந்து முழுக் குரலில் கேட்டார்: "அங்கிட்டு எங்க பாத்துக்கிட்டு நிக்கிறீக?"

"மூஞ்சில வெளிச்சம் விழுகலன்னு..." என்று ஆரம்பித்த பெரியப்பா முடிக்கவில்லை. "திருப்பிப் போடு" என்றார் என்னிடம். போட்டேன். "மெதுவாப் போடு" என்றார். கம்ப்யூட்டரில் ஏறியதை எடுத்து மெதுவாகப் போட்டேன். மெதுவாகப் போட்டபோது பூசாரி காத்திருந்த நேரம் இன்னும் நீளமாகத் தெரிந்தது. "இது போன பண்டிகைதானா?" என்று ஒரு கேள்வி. துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பாவு நூல் வைத்திருக்கும் அறைக்குக் கூப்பிட்டார். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். அதற்காகத்தான் அங்கே கூப்பிட்டிருக்கவேண்டும்.

"ஏறலன்னு சொல்லிரு."

"எது பெரியப்பா?"

"கம்ப்யூட்டர்ல ஏறல. அம்புட்டுத்தேன்."

"ஏறிருச்சே. நல்லாத் தெளிவா..."

"ஏறுனது எனக்குத் தெரியும்லே. தெருவுக்குத் தெரியணுமா?"

"இன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் வந்து உக்காந்திருப்பாங்க. வேட்டி கட்டியாச்சு. என்னைய என்ன நினைப்பாங்க?"

"என்ன நெனப்பாக? படிச்ச பயலுக்கு ஒண்ணும் தெரியலம்பாக. நாலு நாள்ல மறந்துருவாக. ஒனக்கு வயசிருக்கு ராசா." வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "அந்தப் படத்தப் போட்டா, நான் கேமராவப் பாத்து ஆடுன ஆட்டத்த இந்தத் தெரு என் கருமாதி வரைக்கும் பேசும். பரிவட்டம் போனாக் கூடப் பரவாயில்ல."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. குரல் வேறு மாதிரி இருந்தது. தறி முதலாளி என்னிடம் கெஞ்சுவது எனக்கு அதுவே முதல் தடவை.

"எனக்குப் பொய் சொல்ல வராது பெரியப்பா" என்றேன்.

"யாரு பொய் சொல்லச் சொன்னா? கம்பெனிக்காரப் பொண்ணு என்ன சொல்லுச்சோ அத அப்படியே சொல்லு. அது பொய் சொல்லுமா?"

பள்ளிக்கூடமே போகாதவர். வக்கீலுக்குப் படித்திருந்தால் மதுரையில் பங்களா கட்டியிருப்பார்.

சாயங்காலம் மண்டபத்தில் இரண்டு வரிசையும் கூடியிருந்தன. சுவரில் வெள்ளை வேட்டி சுருக்கமில்லாமல் தொங்கியது. கீழவரிசைச் சித்தப்பா முன்வரிசையில், தூணில் சாயாமல், நட்டமாக உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்று, திருச்சுழியில் சர்வர் படுத்த நாட்களில் பழகிய குரலில் சொன்னேன்: "ரெக்கார்டு செஞ்ச கோப்ப கம்பெனிக்காரங்க லாக் பண்ணிருக்காங்க. அத அந்தப் பெட்டியிலதான் பாக்க முடியும். கம்ப்யூட்டர்ல ஓடாது." ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

கேலி மழை பிடித்துக்கொண்டது.

"ஏலே, மூணு வருசம் காலேசுக்குப் போயி என்னத்தடா படிச்ச?"

"என் மகன் எட்டாப்புத்தேன் படிக்கான். அவங்கிட்டக் குடுத்திருந்தா செல்லுலயே எறக்கிருப்பான்."

"வேட்டிய அவுத்துருவமா, இல்ல அவன் இன்ஜினியரு வேலையப் பாத்து முடிச்சப்பறம் அவுக்கலாமா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அதற்கு அடுத்து வந்தது. பெரியப்பா எழுந்து, கையமர்த்தி, மிகுந்த பெருந்தன்மையோடு சொன்னார்: "விடுங்கப்பா. நம்ம புள்ளதேன். படிப்பு வேற, வேல வேற. அவன் என்ன செய்வான்?"

தொடர்ந்து, அதே மூச்சில், தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, "சபையில காட்ட ஆதாரம் இல்லைன்னு ஆகிப்போச்சு, எங்க வீட்டு டிவியில வந்து பாருங்கன்னு கூப்புடுறதும் மொறையில்ல. இதுக்காகப் பங்காளிக நாம மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிய வேணாம். அந்தா உக்காந்திருக்கானே, அவன் எனக்கு எளையவன். மொத மரியாத அவன் வீட்டுக்கே இருக்கட்டும். நான் மனசாரச் சொல்றேன்" என்றார்.

மண்டபம் ஒரு கணம் திகைத்து, பிறகு கைதட்டியது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவை. கோயில் செயலாளர் எழுந்து, விட்டுக்கொடுப்பவரே பெரிய மனிதர் என்று பேசினார்; அவர் பேச்சு முடிவதற்குள் பெரியப்பாவின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பரிவட்டம் ஏறிவிட்டது. துணிப் பரிவட்டத்தைவிட இது பெரியது. வருடம் முழுக்கக் கழற்றவே வேண்டாம். கீழவரிசைச் சித்தப்பா வந்து அவர் காலைத் தொடப்போனார். பெரியப்பா தடுத்துத் தூக்கி நிறுத்தினார். தன்னுடையது அல்லாததை இவ்வளவு அழகாக ஒருவர் தானம் செய்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை பெட்டி மாற்ற வந்தவர்களிடம், தெருவிலேயே முதல் ஆளாகப் பழைய பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். தோளில் லேப்டாப் பை. கீழவரிசைச் சித்தப்பா தேடி வந்தார். டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, தன் டீயைக் குடிக்காமல் சுழற்றிக்கொண்டே நின்றார்.

"தம்பி, அந்தப் பெட்டியில உள்ளத மதுர மெட்ராஸுன்னு வேற எங்கயாச்சும் கொண்டுபோயி எடுத்துற முடியுமா?"

"முடியாது சித்தப்பா. பெட்டியே கைய விட்டுப் போயிருச்சே."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

ஒரு பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் டீயைக் குடித்தார்.

"ஒங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? அன்னைக்கு நான் கண்ண மூடிக் குனிஞ்சு நின்னேன். தலையில துணி விழுந்துச்சு, அம்புட்டுத்தேன் தெரியும். முன்னால விழுந்துச்சா பின்னால விழுந்துச்சான்னு ஆத்தா சத்தியமாத் தெரியாது. ஆனா அண்ணன் நிமிந்து நின்ன நெலையப் பாத்தவுக சொன்னாக. அண்ணனுக்குத்தான் மொதல்ல கட்டிருப்பாகன்னு எனக்கே உறுதியாப் போச்சு."

"சேனல்ல ஒரு காப்பி இருந்திருக்குமே சித்தப்பா."

"இருந்துச்சு. மச்சானக் கூப்புட்டு நாந்தேன் அழிக்கச் சொன்னேன்."

"பாத்துட்டா?"

"பாக்காமத்தேன். பாத்துட்டா அப்புறம் மறைக்கணும்ல? பாக்காட்டி மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல பாரு." டம்ளரைக் கடைப் பலகையில் வைத்தார். "அப்படிப்பட்ட எனக்கு அண்ணன் விட்டுக் குடுத்துட்டாரு. சோறு எறங்கல தம்பி, ரெண்டு நாளா. அந்தத் துணிய எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாங்குவேன்?"

அவருடைய முதல் மரியாதை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பையைத் திறந்து, இரண்டு தட்டுத் தட்டினால் போதும். அவருக்குச் சோறு இறங்கும். என் மூன்று வருடப் படிப்புக்கு இந்த ஊரில் ஒரே ஒரு சாட்சியாவது கிடைக்கும். பெரியப்பாவுக்குத்தான் அதற்குப் பிறகு எதுவும் மிஞ்சாது. பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

"ஒங்களுக்குத்தான் மொதல்ல கட்டிருப்பாங்க சித்தப்பா" என்றேன். "குனிஞ்சு நிக்கிற தலையப் பாத்துத்தான் யாரும் கட்டுவாங்க."

அவர் என்னை அன்பாகப் பார்த்தார். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும்.

"நல்ல புள்ளடா நீ. மனசு நல்ல மனசு" என்று முதுகில் தட்டினார். "என் மகன் இந்த வருசம் பன்னெண்டாவது முடிக்கான். கம்ப்யூட்டர்லதான் சேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன்."

"இப்ப?"

"இப்ப ஒன்னையப் பாத்ததுக்கப்பறம், காமர்ஸே போதும்னு முடிவு பண்ணிட்டேன்."

பஸ் வந்துவிட்டது. நல்ல முடிவு என்று சொல்லிவிட்டு ஏறினேன். உட்கார இடமில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு திருச்சுழி வரை நின்றுகொண்டே போனேன்.